இன்னொரு கிராஃப்ட் போடும் முன்: முழங்கால் அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வுக்குப் பதிலாக வைத்த கிராஃப்ட் (மாற்று ஜவ்வு) மறுபடி அறுந்து வருகிறவரிடம், "இன்னொன்று போட்டுவிடலாம்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடாதீர்கள். பழையது ஏன் போனது என்று தெரியாமல் வைக்கிற புதியதும் அதே வழியில்தான் போகும்.

பல முழங்கால்களில் கோளாறு, கிராஃப்டைப் பொருத்தத் தொடை எலும்பில் துளையிட்ட இடத்தில் இருக்கிறது. துளை முன்னால் தள்ளியிருந்தால், காலை மடக்கும்போதெல்லாம் கிராஃப்ட் இறுகி, நாளடைவில் தளர்ந்துவிடும். செங்குத்தாக இருந்தால் முன்பின் ஆட்டம் அடங்கும், சுழற்சி அடங்காது. இதற்கு எம்ஆர்ஐ மட்டும் போதாது. சிடி எடுத்துத் துளையின் இடத்தையும் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

துளை சரியான இடத்தில், விரியாமல் இருந்தால் ஒரே அறுவையில் முடிக்கலாம். முழுக்கத் தவறான இடமென்றாலும், கிராஃப்டைப் பிடித்திருந்த பழைய திருகை உள்ளேயே விட்டு, தள்ளிப் புதுத் துளை போடலாம். பாதி சரி, பாதி தவறு என்ற துளைதான் ஆபத்து: புதியது பழையதோடு கலந்து பெரும் பள்ளமாகி, திருகு பிடிக்காது. அங்கேயும், அகலம் 14–15 மி.மீ. தாண்டினாலும் இரண்டு கட்டமாகச் செய்வதே நல்லது. திருகை எடுத்து, துளைச் சுவரை ரத்தம் கசியும்வரை சுரண்டி, எலும்புத் துகளால் துளையை அடைத்துவிடுங்கள். 4 முதல் 6 மாதம் கழித்து, எலும்பு கூடியதைச் சிடியில் பார்த்த பிறகே கிராஃப்ட். இந்தக் காத்திருப்பு நோயாளிக்குப் பெரும் சோர்வு தரும். அதற்காக அவசரப்படாதீர்கள்.

பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரியும் கோணத்தையும் பாருங்கள். 12 பாகைக்கு மேலென்றால், பாரம் ஊன்றும்போதெல்லாம் எலும்பு முன்னே வழுக்கி கிராஃப்டை இழுக்கும். முன்பக்கம் ஆப்பு வடிவில் எலும்பு எடுத்துச் சரிவைக் குறைக்கலாம். முழங்கால் ஏற்கெனவே பின்னோக்கி வளைபவருக்கு அது ஆகாது. மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) எலும்போடு ஒட்டும் வேரில் உள்ள கிழிசலும், முழங்காலின் வெளிப்பக்கப் பின்மூலைக் காயமும் கவனிக்காமல் விட்டுப்போனால் பாரமெல்லாம் கிராஃப்ட் மேல்தான்.

சுழற்சி மிகுந்த முழங்காலுக்கு வெளிப்பக்கப் பிடிமானமும் சேருங்கள். தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் இலியோடிபியல் பட்டையில் 1 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் கீற்று எடுத்து, கீழ்நுனியை விடுவிக்காமல், வெளிப்பக்க ஜவ்வுக்கு அடியில் நுழைத்துத் தொடை எலும்பில் பொருத்துவது ஒரு முறை. முழங்கால் 60–70 பாகை மடங்கி, பாதம் நேராக இருக்கட்டும். இழுத்து முறுக்கிவிட்டால் வெளிப்பக்க மூட்டு நசுங்கும்.

கடைசியாக, முதல் அறுவை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராஃப்டின் வகை, விட்டம், திருகின் தயாரிப்பு, அளவு, துளை போட்ட விதம் எல்லாவற்றையும் எழுதி, வீட்டுக்கு அனுப்பும்போதே நோயாளி கையில் கொடுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் எந்தத் திருப்புளி பொருந்தும் என்றே தெரியாது; பொருந்தாததை வைத்துத் திருகினால் தலை தேய்ந்து, பிறகு எலும்பைக் குடைந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
முழங்கால் மறு அறுவைப் பணியில் இருப்பவர்கள்