கல்வெட்டுக்கு முன்னால் ஒரு கடிதம்

பாஸ்டன்,
ஆகஸ்ட் 29

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அக்கா, அத்தான், குட்டி எல்லோரும் நலம். எனக்கும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அப்பா நினைவாக நம் ஊரில் நீ திறக்கப்போகும் படிப்பகத்துக்கென்று அனுப்பியிருந்த கல்வெட்டு மாதிரியை அக்கா கணினியில் பெரிதாக்கிக் காட்டினாள். கருங்கல், பொன்னெழுத்து, நடுவில் அப்பாவின் படம். ஆசாரி காத்திருக்கிறார், உடனே பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்பாவைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அக்காவும் அத்தானும் என்னை நியூ ஹாம்ப்ஷயருக்கு அழைத்துப் போனார்கள். பாஸ்டனிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒயிட் மவுண்டன்ஸ் என்ற மலைத்தொடருக்குள் வாட்டர்வில் வேலி என்று ஓர் ஊர். ஊர் என்றால் நம் தெருவில் இருக்கிற அளவுக்குத்தான் ஆட்கள். நிலையாகக் குடியிருப்பவர்கள் சில நூறு பேர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களால் நிரம்புமாம். நாங்கள் போனது கோடையில்.

உனக்கு நினைவிருக்கிறதா, ஐந்து வயதில் நீ விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கிய குரங்குப் புத்தகம்? அப்பா திருநெல்வேலியில் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அவர் பக்கத்துக்குப் பக்கம் தமிழில் சொல்வார், நாளுக்கொரு விதமாக. மஞ்சள் தொப்பிக்காரரும் குறும்புக் குரங்கும். அந்த 'க்யூரியஸ் ஜார்ஜ்' கதைகளை உண்டாக்கிய மார்கரெட் ரே, ஹெச். ஏ. ரே தம்பதி கோடைக்காலங்களைக் கழித்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். அவர்களுடைய சிறிய வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் பெயரில் ஒரு கற்றல் மையம் நடத்துகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து உன் கல்வெட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அவர்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்திருந்தால் பட்டாசலில் உட்கார்ந்து இதை மூன்று நாள் சொல்லியிருப்பார்.

இருவரும் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து யூதர்கள். கணவர் ஹெச். ஏ. ரே 1898-இல் பிறந்தவர். வீட்டுக்கு அருகே பெரிய விலங்குக் காட்சிசாலை இருந்ததால் சிறு வயதிலேயே விலங்குகளை வரையக் கற்றுக்கொண்டார். பிறகு பிரேசிலுக்குப் போய் அமேசான் ஆற்று வழியே குளியல் தொட்டி விற்றிருக்கிறார். அந்த அம்மாள் 1906-இல் பிறந்தவர், ஓவியமும் புகைப்படமும் படித்தவர். 1935-இல் பிரேசிலில் திருமணம். அங்கே இரண்டு குட்டிக் குரங்குகள் வளர்த்தார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது குளிர் தாங்காதே என்று அந்த அம்மாள் அவற்றுக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டிருக்கிறார். பாவம், இரண்டும் வழியிலேயே இறந்துவிட்டன. இதைக் கேட்டதும் எனக்கு மனது என்னவோ செய்தது. புத்தகத்தில் அந்தக் குரங்கு எத்தனை ஆபத்தில் மாட்டினாலும் கடைசியில் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும், கவனித்திருக்கிறாயா?

பாரிசில் நான்கு வாரம் தங்கலாம் என்று போனவர்கள் நான்கு வருடம் தங்கிவிட்டார்கள். 1940 ஜூனில் ஹிட்லரின் படை நகரத்தை நெருங்கியது. ரயில் இல்லை, கார் இல்லை. கடையில் சைக்கிளும் தீர்ந்துவிட்டது. அவர் உதிரிப் பாகங்களை வாங்கித் தானே இரண்டு சைக்கிள்களைப் பூட்டினார். ஜூன் 12 விடியற்காலையில் கிளம்பினார்கள். 14-ஆம் தேதி ஜெர்மானியர்கள் பாரிசுக்குள் நுழைந்துவிட்டார்கள். கூடையில் கொஞ்சம் ரொட்டி, பாலாடைக்கட்டி, உயிரைப் போலக் காப்பாற்றி வந்த கையெழுத்துப் பிரதிகள். ஓர் இரவு மாட்டுத் தொழுவத்தில் படுத்திருக்கிறார்கள். சைக்கிளிலும் ரயிலிலுமாக ஸ்பெயின், போர்ச்சுகல், கப்பலில் பிரேசில், பிறகு அக்டோபரில் நியூயார்க். பிரதியில் ஃபிஃபி என்றிருந்த குரங்கு, 1941-இல் புத்தகம் வந்தபோது ஜார்ஜ் ஆகியிருந்தது. வீட்டையும் ஊரையும் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? நகையை, பணத்தை, பத்திரத்தை. இவர்கள் ஒரு குழந்தைக் கதையை நனையாமல் சுமந்து போயிருக்கிறார்கள்.

அந்த முதல் புத்தகத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, மறைக்க மாட்டேன். குரங்கை அதன் காட்டிலிருந்து சாக்கில் போட்டுக் கட்டித் தூக்கி வருகிறார் அந்த மஞ்சள் தொப்பிக்காரர். குட்டிக்குப் படித்துக் காட்டியபோது, "அதன் அம்மா தேடாதா பாட்டி?" என்று கேட்டாள். அப்பா உனக்குச் சொன்னபோது அந்தப் பக்கத்தை மாற்றித்தான் சொன்னார். குரங்கு தானாகவே தொப்பியின் பின்னால் வந்துவிட்டதாக. அவர் ஏன் மாற்றினார் என்று இப்போதுதான் புரிகிறது. குழந்தைகளிடம் கதை சொல்கிறவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள்.

இப்போது மையத்தைப் பற்றி. பெரிய மண்டபம் இருக்கும், வாசலில் வெண்கலச் சிலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த வீடு, நம் ஊரில் ஒரு வாத்தியார் கட்டிக்கொள்ளும் வீட்டைவிடப் பெரிதாக இருந்தால் வியப்புத்தான். புத்தகங்கள், படங்கள், தரையில் உட்கார்ந்து கதை கேட்கும் நாலைந்து குழந்தைகள். அவ்வளவுதான். கலை, அறிவியல், இயற்கை இம்மூன்றிலும் ஊர்க்காரர்களுக்கு ஆர்வம் வரச் செய்வதையே வேலையாக வைத்திருக்கிறார்கள். படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறார்கள், காட்டுப் பாதையில் அழைத்துப் போகிறார்கள், வானம் பார்க்கிறார்கள். குரங்குக் கதை எழுதியவர்களுக்கும் வானத்துக்கும் என்ன உறவு என்று நானும் கேட்டேன்.

ஹெச். ஏ. ரே முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாயாக இருந்தபோது ஒரு சின்ன வானியல் புத்தகத்தைப் பையில் வைத்திருந்தாராம். அதிலிருந்த விண்மீன் படங்கள் அவருக்குப் பிடிபடவே இல்லை. இரட்டையர் என்று பெயர், படத்திலோ கோணல் மாணலாகக் கோடுகள். பல வருடம் கழித்துத் தானே புள்ளிகளை வேறு விதமாக இணைத்தார். கரடி கரடியாகவே தெரிய வேண்டும். இரட்டையர் கைகோத்து நிற்பது குழந்தைக்கும் தெரிய வேண்டும். 1952-இல் அதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார், 1954-இல் குழந்தைகளுக்கென்று இன்னொன்று. கோடை இரவுகளில் இந்தப் பள்ளத்தாக்கில் அக்கம்பக்கத்தாரை வெளியே கூட்டி வந்து வானத்தைக் காட்டுவாராம். 1977-இல் அவர் போய்விட்டார். அந்த அம்மாள் 1996 வரை இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அந்த ஊரில் குழந்தைகள் இன்னும் தலையை நிமிர்த்தி வானம் பார்க்கிறார்கள்.

அன்று இரவு நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு வெளியே, அவருடைய புத்தகத்தை அத்தான் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ள, குட்டியும் நானும் வானத்தைப் பார்த்தோம். எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. துருவ நட்சத்திரம் நம் ஊரில் தென்னந்தோப்புக்குள் ஒளிந்திருக்குமே, அடிவானத்துக்கு ஒன்பது பாகைதான் மேலே. அப்பா உங்களைத் தோள்மீது ஏற்றித்தான் காட்டுவார். இங்கே அது பாதி வானத்தில் நிற்கிறது. நம் தென்வானத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு முழுதாக நிற்கும் விருச்சிகம் இங்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கேட்டையைத் தேடினேன், காணவில்லை. சப்தரிஷிகள் மட்டும் தெரிந்த முகமாக இருந்தார்கள். அருந்ததியைக் குட்டிக்குக் காட்டினேன். அப்பா சொன்ன அதே வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தன. அந்த வார்த்தைகள் அவருக்கு யார் கொடுத்தது, சொல் பார்ப்போம்? உன் ஆச்சி.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் ராசா. அந்தக் குரங்குப் புத்தகங்களில் முதலில் வந்தவற்றின் அட்டையில் ஹெச். ஏ. ரே என்று கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது. வரைந்தது அவர், கதையைச் சொல்லுக்குச் சொல் செதுக்கியதில் அந்த அம்மாளின் பங்கு பெரிது. ஆனால் இன்று அந்த மையத்தின் பெயரைப் பார்த்தால் 'மார்கரெட் அண்ட் ஹெச். ஏ. ரே' என்று அந்த அம்மாளின் பெயர் முதலில் நிற்கிறது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

உன் கல்வெட்டில் அப்பாவின் பெயர், பட்டம், பணியாற்றிய பள்ளிகள், பிறப்பு, மறைவு எல்லாம் இருக்கின்றன. ஆச்சி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் உனக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். அப்பா வகுப்பில் சொன்ன கதைகளில் பாதி ஆச்சி நெல் அவிக்கும்போது சொன்னவை. மீதிப் பாதி அழ. வள்ளியப்பா பாட்டு. அவரும் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதியவர்தான். 1950-இல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கியவர். அப்பாவுக்கு அவர் மேல் அப்படி ஒரு பக்தி. படிப்பகம் திறக்கும்போது அவருடைய பாட்டுப் புத்தகங்கள் முதல் அலமாரியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி வைக்காதே. கிழிந்தால் ஒட்டலாம், அதற்குப் பசை வாங்கி வை.

கல்வெட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு நீ செய்ய நினைப்பதில் என்ன குறை காண முடியும்? ஆனால் நீ எழுதிய திட்டத்தில் திறப்பு விழாவுக்கு நான்கு பக்கம் இருக்கிறது: பந்தல், ஒலிபெருக்கி, யார் யாரை அழைப்பது, யாருக்குப் பொன்னாடை. அதற்கு அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அங்கே என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அப்பா சனிக்கிழமை தவறியதே இல்லை. காய்ச்சலிலும் திண்ணையில் வந்து உட்காருவார், நாலு பிள்ளைகளாவது காத்திருக்குமே என்று. அந்த நாலு பிள்ளைகளுக்கு யார் கதை சொல்வார்கள் என்று முதலில் முடிவு செய். உன்னால் சென்னையிலிருந்து வாராவாரம் வர முடியாது, தெரியும். தெற்குத் தெருவில் வாசிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கேள். கருங்கல்லுக்கு ஆகும் செலவில் ஒரு பெண்ணுக்குப் பல மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். படிக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு உதவி.

ஆசாரியிடம் நான் வரும்வரை பொறுக்கச் சொல். அதற்குள் மச்சில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பார். அப்பா கதைகளை எழுதி வைத்த நோட்டுகள் அதில்தான் இருக்கின்றன. கரையான் ஏறியிருந்தால் உடனே வெயிலில் காயவை. எந்தக் கதைக்குப் பக்கத்தில் 'அம்மா சொன்னது' என்று எழுதியிருக்கிறார் என்று தனியாகக் குறித்து வை.

கார்த்திகையில் ஊருக்கு வந்துவிடுவேன். முதல் சனிக்கிழமை நானே திண்ணையில் உட்காருகிறேன். பொழுது சாய்ந்ததும் கிழக்கே ஆறு மீன் எழும், பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஏணியில் மூன்றாவது படி ஆடிக்கொண்டிருக்கும். அதை மட்டும் இப்போதே சரிசெய்து வை.

அன்புடன்,
அம்மா