பக்கத்தின் பின்புறத்தையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரக்கதைகளின் மூல ஓவியங்கள் ஏலத்தில் விலைபோவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஸ்பைடர்மேனுக்குக் கருப்பு உடை வந்து சேரும் ஒற்றைப் பக்கம், 1984இல் மைக் ஸெக் வரைந்தது, 2022 ஜனவரியில் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். விலை சரிதான். ஆனால் கட்டுரை முழுவதிலும் போலி என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. அதைப் படித்துவிட்டு யாராவது முதல் முறையாக ஏலத்தில் கை தூக்கினால் என்ன ஆகும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் அச்சகத்தில் பிராசஸ் கேமரா இயக்கியவன். இருபத்தாறு ஆண்டுகள் இருட்டறையில் கழிந்தன. ஓவியர் கொடுத்த அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி, இரு பக்கமும் விளக்கைப் போட்டு, லித் ஃபிலிமில் நெகட்டிவ் எடுத்து, பிளேட் போடுகிறவர்களிடம் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு என் சேமிப்பிலிருந்து ஒன்பது மூலப் பக்கங்கள் வாங்கினேன். அவற்றில் எட்டு உண்மையானவை.

ஒன்பதாவதைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லித் ஃபிலிமுக்கு வெளிர்நீலம் தெரியாது. அதையும் வெள்ளைத் தாளாகவே எடுத்துக்கொள்ளும். சிவப்போ கருப்பாக விழும். இது தெரிந்துதான் அந்தக் காலத்தில் ‘இந்தக் கையைத் திருத்து’, ‘பின்னால் மரம் வேண்டாம்’ என்பதையெல்லாம் நீலப் பென்சிலில் ஓவியத்தின் மேலேயே எழுதினார்கள். அழிக்க வேண்டிய தேவையே இல்லை. கருப்பு நிரப்ப வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். மை மெலிதாகப் பூசிய இடத்தில், அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், அந்தக் குறி இன்றும் தெரியும். பிசகிய கோட்டின் மேல் வெள்ளை மை. வசனம் மாறினால் வேறு தாளில் எழுதி ரப்பர் பசையால் ஒட்டினார்கள். அந்தப் பசை நாளாக ஆகத் தேன் நிறத்தில் கறையாகிவிடும். இவற்றில் எதுவும் அச்சில் வராது. வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள்.

போலி செய்கிறவன் கையில் இருப்பதோ அச்சான பக்கம் மட்டும்தான். அச்சில் வந்ததை அவன் எவ்வளவு திறமையாக வேண்டுமானாலும் வரையலாம். அச்சில் வராமல் மறைந்துபோனது அவனுக்குத் தெரியாது. அதனால் நான் ஒரு பக்கத்தைக் கையில் எடுத்ததும் முகங்களைப் பார்ப்பதில்லை. ஓரங்களைப் பார்ப்பேன், பிறகு திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பேன்.

இனி அந்த ஒன்பதாவது. 1943ஆம் ஆண்டுத் தேதியிட்ட, அமெரிக்கச் செய்தித்தாள்களில் நாள்தோறும் வந்த ஒரு கடற்பயணத் தொடரின் ஒற்றை வரிசை, மூன்று கட்டங்கள். இணையவழி ஏலத்தில் எடுத்தேன். ஏலப் பட்டியலில் முன்புறப் படம் ஒன்றே ஒன்று இருந்தது, நன்றாகவே இருந்தது. பார்சல் வந்து, சட்டம் போட்டு, நான்கு மாதம் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். ஒருநாள் தூசி துடைக்க இறக்கியபோது பத்து மடங்கு லென்ஸை மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்தேன். பாய்மர உச்சிக்கு இடப்பக்கம், வெட்டவெளி வானத்தில், ஊசிமுனை அளவில் ஒரு கரும்புள்ளி. பறவை அல்ல. மை சிதறியதும் அல்ல; சிதறல் என்றால் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு துளிகளாவது இருக்கும். இது பேனா முனையை நேராக ஊன்றி, நிதானமாக வைத்த புள்ளி.

எனக்கு அந்தப் புள்ளியை நன்றாகத் தெரியும். வாழ்நாளில் பல்லாயிரம் முறை அதை மூடியிருக்கிறேன். படமெடுக்கும்போது கண்ணாடியிலோ ஃபிலிமிலோ தூசி இருந்தால் நெகட்டிவின் கருப்பில் ஒரு துளை விழும். பின்ஹோல் என்போம். லைட் டேபிளில் நெகட்டிவை வைத்து, மெல்லிய தூரிகையால் அதன் மேல் ஓபேக் என்ற ஒளிபுகா மையை வைத்து அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் பிளேட்டில் ஏறி, அச்சில் கரும்புள்ளியாக வரும். அதாவது என் சுவரில் இருந்த ‘மூல’ ஓவியத்தில், கேமராவுக்குப் பிறகு பிறக்க வேண்டிய பிழை கேமராவுக்கு முன்பே பிறந்திருந்தது.

அந்தத் தொடரை 1980களில் மறுபதிப்பாக வெளியிட்ட தொகுப்பு என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், அதே இடத்தில் அதே புள்ளி. 1943இல் வெளியான செய்தித்தாளின் ஸ்கேனைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதில் வானம் சுத்தமாக இருந்தது. யாரோ ஒருவர் மறுபதிப்பைப் பெரிதாக்கி, ஒளிப்பெட்டியின் மேல் அட்டையை வைத்து, கோடு கோடாக நகலெடுத்திருக்கிறார். புள்ளியையும் விடாமல்.

அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. மைக்குக் கீழே பென்சில் தடம் இருந்தது. ஆனால் மயிரிழை பிசகாமல் மைக்கோட்டுக்கு நேர் கீழே ஓடியது. சொந்தமாக வரைகிறவரின் பென்சில் அப்படி ஓடாது. தேடும், தாண்டும், இரண்டு மூன்று கோடு போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். புற ஊதா விளக்கின் கீழ் அட்டை நீலம் கலந்த வெண்மையில் பளிச்சென்று ஒளிர்ந்தது. தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்ந்தது 1950ஐ ஒட்டித்தான். 1943ஆம் ஆண்டு அட்டை அப்படி ஒளிரக் காரணமில்லை. பின்புறம்? துடைத்துவைத்ததுபோல வெறுமை.

என் அட்டை, மறுபதிப்பு, செய்தித்தாள் ஆகிய மூன்றின் படங்களையும் இணைத்து ஏல நிறுவனத்துக்கு எழுதினேன். புகார் கூறும் காலக்கெடு முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. பட்டியலை மறுபடி வாசித்தபோதுதான் ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’ என்ற சொல் உறுத்தியது. ‘இன்னார் வரைந்தது’, ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’, ‘இன்னாரின் பாணியில்’, ‘இன்னாரைப் பின்பற்றி’ ஆகிய நான்கும் ஏலத்தின் மொழியில் நான்கு வேறு வாக்குறுதிகள். முதலாவதுக்கு மட்டும்தான் அவர்கள் பொறுப்பேற்கிறார்கள். வாங்குகிறவர்கள் இதைப் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாசித்துவிட வேண்டும்.

‘பழைய ரசீது கேட்கலாமே’ என்று சிலர் சொல்வார்கள். இந்தத் துறையில் அது அவ்வளவு எளிதல்ல. பல பத்தாண்டுகள் இந்தப் பக்கங்களை யாரும் ஓவியமாகவே மதிக்கவில்லை. அச்சு முடிந்ததும் கிடங்கில் போட்டார்கள், ரசிகர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள், குப்பையில் எறிந்தார்கள், களவும் போயின. ஜாக் கிர்பி மார்வல் நிறுவனத்துக்கு வரைந்து குவித்ததில் 1987இல் அவர் கைக்குத் திரும்பியது ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்கள்; வரைந்ததில் அது சிறு பங்கு. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 பக்கங்களை, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார். டின்டின் கதையொன்றின் அட்டைக்காக அதன் ஓவியர் ஹெர்ஜே 1936இல் தீட்டிய வண்ண ஓவியம், அச்சிட அதிகச் செலவாகும் என்று ஒதுக்கப்பட்டது; 2021இல் பாரிஸில் 30 லட்சம் யூரோவைத் தாண்டியபோதும் அதில் பழைய மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன. ஆகவே ‘பரணில் கிடந்தது’ என்ற கதை உண்மையாகவும் இருக்கலாம். போலிக்காரன் பிழைப்பதே அந்த உண்மையின் நிழலில்தான். கதையைக் கேட்டு முடிவு செய்ய முடியாது என்பதால்தான் அட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அட்டையில் பார்க்க நிறைய இருக்கிறது. அமெரிக்க இதழ்களின் பக்கங்கள் 1967 வாக்கில் வரை அச்சளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கில் வரையப்பட்டன. அதன் பிறகு வரையும் பரப்பு பத்துக்குப் பதினைந்து அங்குலமாகச் சுருங்கியது. 1963ஆம் ஆண்டுப் பக்கம் என்று சொல்லிச் சிறிய அளவில் ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். 1954இல் ஏற்பட்ட காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் முத்திரை பல பக்கங்களின் பின்புறத்தில் இருக்கும். சாம்பல் நிறத்துக்காக ஒட்டிய புள்ளித் திரை (நுண்புள்ளிகள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுத்தாள்), பழையதென்றால் மஞ்சளாகி, சுருங்கி, விளிம்பு விலகியிருக்கும். அச்சுப்பொறியில் எடுத்த படத்தில் கையெழுத்து மட்டும் போட்டு மூலம் என்று விற்பதை ஒரு சாதாரண லென்ஸே காட்டிக்கொடுத்துவிடும்.

கோட்டின் நடுக்கத்தை வைத்து முடிவு செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நகலெடுக்கும் கோடு நடுங்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் 1981இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சார்லஸ் ஷுல்ஸின் கையே நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தோடு 1999ஆம் ஆண்டு வரை, ஸ்னூப்பி என்ற நாய் வரும் தன் சித்திரத் தொடரை அவரே வரைந்தார், உதவியாளர் எவரும் இல்லாமல். அவருடைய கோடு சீரான சிற்றலைபோல நடுங்கினாலும் தயங்காமல் போய்க்கொண்டே இருக்கும். போலியின் கோடு வளைவுகளில் நின்றுவிடும்; கண் மூலத்தைத் திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் மை சற்றே தடிக்கும். இரண்டையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

முதுமையில் தம் பழைய அட்டைப் படங்களைத் தாமே மறுபடி வரைந்து, வரைந்த ஆண்டைக் குறித்து விற்ற ஓவியர்கள் உண்டு. அது நேர்மையான தொழில். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டை யாரோ சுரண்டி எடுக்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

ஏல நிறுவனங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்புறப் படம், நான்கு ஓரங்களும் தெரியும் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் என்று மூன்றைக் கூடுதலாகப் போடட்டும். ஐந்து நிமிட வேலை. பின்புறத்தைக் காட்ட மறுக்கிறவர்களிடம் வாங்காதீர்கள் என்று தங்கள் நாளிதழும் அடுத்த முறை விலையோடு சேர்த்து ஒரு பத்தி எழுதட்டும்.

அந்த ஒன்பதாவது பக்கத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். வெறுமையாக இருந்த அதன் பின்புறத்தில், ‘1980களின் மறுபதிப்பைப் பார்த்து வரையப்பட்ட நகல், மூன்றாம் கட்டத்து வானத்தில் உள்ள புள்ளியைக் காண்க’ என்று அழியாத மையில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகக் கேமரா இயக்குநர்