‘மிஸ்டேக்’ பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வாடிக்கையாளருக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று நீ அனுப்பிய மன்னிப்பு மெயிலைப் படித்தேன்மா. விஷயம் தெளிவாக இருக்கிறது. புதிய விலைப்பட்டியலுக்குப் பதில் பழையது போய்விட்டது, சரியானதை இப்போது இணைத்திருக்கிறாய். மிஸ்டேக் என்ற சொல்லில்தான் மூன்று இடத்தில் தடுமாறியிருக்கிறாய். முதல் வரியிலேயே இரண்டு: “ஐ டிட் எ மிஸ்டேக் அண்ட் பை மிஸ்டேக்லி சென்ட் தி ஓல்டு லிஸ்ட்.”

‘டிட்’ வந்ததற்குக் காரணம் நம் தமிழ். தப்பு செய்தேன், தப்புப் பண்ணிட்டேன் என்றே பேசிப் பழகிய வாய். நமக்குச் செய், பண்ணு என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலத்தில் அந்த வேலையை டூ, மேக் என்று இரண்டு சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹோம்வொர்க் என்றால் டூ. மிஸ்டேக், டிசிஷன், பிராமிஸ் எல்லாம் மேக். ஏன் என்று விதி தேடினால் பாதியில் கைவிட்டுவிடும். ‘மேக் எ மிஸ்டேக்’ என்று ஜோடியாகவே மனதில் வைத்துக்கொள். உன்னுடையது நடந்து முடிந்தது, அதனால் “ஐ மேட் எ மிஸ்டேக்”.

‘பை மிஸ்டேக்லி’ என்று ஒரு சொல்லே கிடையாது. ‘பை மிஸ்டேக்’, ‘மிஸ்டேக்கன்லி’ இரண்டும் கலந்து பிறந்தது அது. ஏதாவது ஒன்றை எழுது. ‘பை மிஸ்டேக்’ எழுதும்போது நடுவில் ‘எ’, ‘மை’ எதையும் செருகாதே. வேண்டுமென்று செய்யவில்லை, கைதவறி நடந்தது என்பதே அதன் பொருள். தவறு எதில் இருக்கிறதோ அதற்கு முன் ‘இன்’ வரும்: “எ மிஸ்டேக் இன் தி டோட்டல்”.

இந்தச் சொல் வட ஐரோப்பாவில் முன்பு பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் ‘மிஸ்டாகா’விலிருந்து வந்தது. தவறாக எடுத்தல் என்று பொருள். உனக்கு நடந்ததும் அதேதான், ஒரு ஃபைலுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துவிட்டாய். அதை வினைச்சொல்லாகவே சொல்லலாம்: “ஐ மிஸ்டுக் தி ஓல்டு ஃபைல் ஃபார் தி நியூ ஒன்.” கையில் உண்மையில் இருந்தது முதலில், நீ நினைத்துக்கொண்டது ‘ஃபார்’க்குப் பின்னால். வரிசை மாறினால் அர்த்தம் தலைகீழாகிவிடும். மிஸ்டேக், மிஸ்டுக், மிஸ்டேக்கன் என்றுதான் காலம் மாறும், ‘மிஸ்டேக்ட்’ இல்லை. மீட்டிங்கில் ஒரு தகவல் உறுதியாக நினைவில்லை என்றால் “இஃப் ஐ’ம் நாட் மிஸ்டேக்கன்” என்று தொடங்கு, பேச்சுக்குப் பணிவு வரும்.

எரர் வேறு. கம்ப்யூட்டர் திரையில் வருவது எரர் மெசேஜ். அதை யாரும் மிஸ்டேக் என்பதில்லை. அதன் வேர் லத்தீனில் ‘எர்ராரே’, அலைந்து வழிதவறுதல். நாமும் கைதவறி, வழிதவறி என்கிறோமே, அதே தவறுதான். ஃபால்ட் என்பது பழி யாருடையது என்ற கேள்விக்குப் பதில்: “இட்ஸ் மை ஃபால்ட்”.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. கடைசி வரியில் “மிஸ்டேக்ஸ் வேர் மேட்” என்று முடித்திருக்கிறாய். இலக்கணம் சரி. ஆனால் செய்தது யார் என்பதே அதில் இல்லை. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசியபோது “சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்” என்றுதான் சொன்னார். மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் மக்களிடம் பேசியபோது, நடந்ததற்குக் காரணங்கள் உண்டு, சாக்கு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, “இட் வாஸ் எ மிஸ்டேக்” என்றார். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார், வித்தியாசம் காதிலேயே தெரியும். உன் வாடிக்கையாளருக்கும் தெரியும்.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடு. மெயில் இவ்வளவு போதும்: “ஐ மேட் எ மிஸ்டேக். ஐ சென்ட் யூ தி ஓல்டு பிரைஸ் லிஸ்ட். தி கரெக்ட் ஒன் இஸ் அட்டாச்ட். ஐ’ம் சாரி.” அனுப்பும் முன் இணைப்பைத் திறந்து, மேலே இருக்கும் தேதியைப் பார்த்துவிடும்மா.

அன்புடன்,
அப்பா