திடலின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கு வணக்கம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நம் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பையனின் தாத்தா எழுதுகிறேன். போன வாரம் அவன் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க ஓய்வு நேரத்தில் வந்தேன். இருப்பதே 20 நிமிடம். நாசி லெமாக் வாங்க வரிசையில் நின்றதிலேயே பாதி கரைந்தது. சாப்பிட்டுக் கைகழுவிய பிள்ளைகளை நடைபாதையில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். எதிரே புல் வெட்டிய திடல், அதன் கம்பிக்கதவில் பூட்டு.

அந்தப் பூட்டில் எனக்கும் பங்குண்டு. சென்ற ஆண்டு ஒரு பையன் ஓடி விழுந்து கை முறிந்தபோது, "ஆசிரியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டவர்களில் நானும் ஒருவன். அத்தனை பேர் பாய்ந்தால் தலைமையாசிரியர் பூட்டாமல் என்ன செய்வார்?

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில் வளர்ந்தவன். ரப்பர் விதை பொறுக்கினோம், சடுகுடு ஆடினோம், பெண்பிள்ளைகள் ரப்பர் வளையம் கோத்துத் தாண்டினார்கள். முழங்காலில் காயம் இல்லாத பிள்ளையைப் பார்த்ததில்லை. என் பேரனோ வேனில் ஏறுகிறான், வேனில் இறங்குகிறான். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீட்டு வாசலில் கார் நிறுத்தத்தான் இடம். ஓடுவதற்கு அவனுக்கு எஞ்சியிருப்பது பள்ளித் திடல்தான்.

5 முதல் 17 வயதுள்ளோர் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. அதே வயதினரில் 10 பேருக்கு ஏறக்குறைய 3 பேர் எடை மிகுந்தோ உடற்பருமனோடோ இருப்பதை நம் மலேசிய நாட்டின் 2019 சுகாதார ஆய்வு காட்டியது. வீட்டுப்பாடம் செய்யாதவனை ஓய்வு நேரத்தில் வகுப்பிலேயே நிறுத்துவதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். துள்ளல் அடங்காமல் அடுத்த பாடத்தில் அவன்தான் நாற்காலியை ஆட்டுவான்.

புகைமூட்டம், இடிமழை என்றால் மூடுங்கள், ஒன்றும் சொல்லமாட்டேன். மற்ற நாள்களில் படிநிலை ஒன்றும் (1 முதல் 3ஆம் ஆண்டு) இரண்டும் (4 முதல் 6ஆம் ஆண்டு) தனித்தனி நேரத்தில் வரட்டும். ஒரு பகுதியினர் முதலில் விளையாடிவிட்டுப் பிறகு சாப்பிட்டால் வரிசையும் குறையும். திடலோரம் நின்று பார்த்துக்கொள்ள நாளுக்கு இரண்டு பெற்றோர் போதும். திங்கட்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சிமெண்டுத் தரையில் நொண்டிக் கட்டம் போடச் சாயம் நான் வாங்கித் தருகிறேன். எத்தனை கட்டம் என்பதை என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் தப்பாகிவிடுகிறதாம்.