டிசம்பரில் ஃப்ளோரிடாவுக்கு ஆர்வி எடுக்கப்போகும் நம் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வருகிற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீங்கள் போட்டிருக்கும் திட்டம் வந்து சேர்ந்தது. ஆர்லாண்டோவில், உள்ளேயே சமைத்துத் தூங்குகிற ஆர்வி வண்டி மூன்று வாடகைக்கு எடுக்கிறோம். ஐந்தே நாளில் க்ரிஸ்டல் ரிவர், சானிபல் தீவு, எவர்க்ளேட்ஸ், பிக் பைன் கீ, கீ வெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். தண்ணீரில் வாழும் பெரிய பாலூட்டியான மேனட்டி, அலிகேட்டர் முதலை, கீ தீவுகளின் குட்டையான கீ மான், ஃப்ளமிங்கோ எனும் பூநாரை என்று பார்க்க வேண்டிய உயிர்களுக்குத் தனிப் பட்டியல் வேறு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன்படி போனால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைத்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து இடத்தை இரண்டாகக் குறையுங்கள். இருட்டிய பிறகு ஆர்வியை எடுக்காதீர்கள். எந்த உயிருக்கும் ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முப்பது அடி ஆர்வி ஓட்டுவதற்கு அப்படியொன்றும் சுகமான வண்டி இல்லை. காற்றடித்தால் ஆடும், பெட்ரோலைக் குடிக்கும், திருப்பத்தில் அலமாரிக்குள் பாத்திரம் உருளும். நிறுத்தின பிறகுதான் அதன் அருமை தெரியும். விடிகிற நேரத்தில், மோட்டலில் தங்கியவர் நாற்பது மைலுக்கு அந்தப் பக்கம் காரைக் கிளப்பிக்கொண்டிருப்பார். நீங்கள் காபி டம்ளரோடு இரண்டு படி இறங்கினால் போதும், காட்டுக்குள் நிற்பீர்கள். இதற்காகத்தான் அவ்வளவு வாடகை கொடுக்கிறோம். நாளுக்கு ஓர் ஊர் என்று ஓட்டியே தீர்ப்பதாக இருந்தால் ஒரு வேனும் ஹோட்டல் அறையும் போதுமே.

முதல் இடமாக நான் சொல்வது ப்ளூ ஸ்ப்ரிங் மாநிலப் பூங்கா. ஆர்லாண்டோவுக்கு வடக்கே, செயின்ட் ஜான்ஸ் ஆற்றை ஒட்டி இருக்கிறது. நிலத்துக்கடியிலிருந்து பொங்கும் ஊற்று அது. கோடையோ குளிரோ, தண்ணீர் 72, 73 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே இருக்கும். மேனட்டிக்கு உடம்புதான் பெரிது, குளிர் தாங்காது. தண்ணீர் 68 டிகிரிக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் அதற்கு உயிராபத்து. அதனால் ஆறு குளிர்ந்ததும் கூட்டம் கூட்டமாக ஊற்றுக்குள் வந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் இங்கே 14 மேனட்டிகள்தான் வந்துகொண்டிருந்தன. 2024 ஜனவரியில் ஒரே நாளில் 900-க்கு மேல் எண்ணினார்கள்.

ஆகவே, போகிற அன்று குளிரடித்தால் முகம் சுளிக்காதீர்கள். எவ்வளவு குளிரோ அவ்வளவு மேனட்டி. அப்படிப்பட்ட காலைகளில் வண்டி நிறுத்துமிடம் சீக்கிரமே நிறைந்து, வாசலிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே முகாமில் தங்கியிருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. இந்த மாதங்களில் ஊற்றில் இறங்க அனுமதி கிடையாது, கரையோர மரப்பாலத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். அதுவே தாராளம். காலுக்குக் கீழே மூக்கு மட்டும் மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு உள்ளே போகும். முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரியும். படகின் ப்ரொப்பெல்லர் கிழித்த தழும்புகள். ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மேனட்டியையும் அடையாளம் காண்பது அந்தத் தழும்புகளை வைத்துத்தான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், 'ஸோ க்யூட்' என்பதோடு நின்றுவிட மாட்டார்கள்.

நம் குழுவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த உருவம் புதிதாக இருக்காது. பாக் விரிகுடாவில் இருக்கும் கடல்பசு இதன் உறவுதான். வால் மட்டும் வேறு: மேனட்டிக்கு உருண்டை, கடல்பசுவுக்குப் பிளவு. 2022-ல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அங்கேயும் இங்கேயும் கடற்புல் இருந்தால்தான் பிழைப்பு. ஃப்ளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் அழிந்துபோய் 2021-ல் மேனட்டிகள் பட்டினியால் செத்தன. அந்த ஆண்டில் மாநிலம் முழுக்கச் செத்தவை 1,100.

க்ரிஸ்டல் ரிவரில் மேனட்டியோடு நீந்தலாமே என்று கேட்பீர்கள். நீந்தலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் துரத்தக்கூடாது, வழியை மறிக்கக்கூடாது, மேலே ஏறக்கூடாது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, 'கிட்டப் போகாதே' என்று கத்திக்கொண்டிருக்க யாரால் முடியும்? என்னால் முடியாது.

இரண்டாவது இடம் எவர்க்ளேட்ஸ் சதுப்புநிலப் பூங்கா. ப்ளூ ஸ்ப்ரிங்கிலிருந்து முந்நூறு மைலுக்குப் பக்கம். ஒரு முழுப் பகலை அதற்கே ஒதுக்குங்கள். ஹோம்ஸ்டெட்டில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பலா, சப்போட்டா, கொய்யா எல்லாம் விளைகிற ஊர் அது. அம்மாக்களைப் பழக்கடையிலிருந்து கிளப்புவதற்கு ஒரு மணி நேரம் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூங்கா வாசலிலிருந்து ஃப்ளமிங்கோ என்ற இடம் வரை 38 மைல் ஒரே சாலை. வழியில் லாங் பைன் கீ முகாம், கடைசியில் ஃப்ளமிங்கோ முகாம். இரண்டில் ஒன்றில் மூன்று இரவு தங்குங்கள். லாங் பைன் கீயில் மின் இணைப்பு கிடையாது, ஃப்ளமிங்கோவில் சில இடங்களுக்கு மட்டும் உண்டு. ஃப்ளமிங்கோ என்ற பெயரைப் பார்த்து அந்தப் பறவையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அங்கே அது அபூர்வம். இளஞ்சிவப்பாக ஏதாவது பறந்தால் பெரும்பாலும் கரண்டிவாயனாகத்தான் இருக்கும்.

டிசம்பர் சரியான மாதம். மே முதல் நவம்பர் வரை பெய்த மழைத்தண்ணீர் அப்போது வடிய ஆரம்பிக்கும். மீனெல்லாம் மிச்சமிருக்கும் குட்டைகளில் அடைபடும். மீனுக்காகப் பறவை வரும், இரண்டுக்காகவும் அலிகேட்டர் வரும். அன்ஹிங்கா நடைபாதை ஒரு மைல்கூட இல்லை, அதிலேயே எல்லாம் கிடைக்கும். அன்ஹிங்கா என்பது நம்மூர் பாம்புத்தாராவின் இனம். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய நீந்தும். முங்கி எழும்போது மீன் அலகில் குத்துப்பட்டிருக்கும். அதைத் தட்டித் தளர்த்தி, மேலே எறிந்து, தலை முன்னால் வருகிறபடி பிடித்து விழுங்கும். மீன் பெரிதாக இருந்தால் கழுத்து வீங்கி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் கிளையில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைக்கும். இதையெல்லாம் பார்க்க ஒரே இடத்தில் அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். நடந்துகொண்டே போகிறவருக்கு அது கறுப்புப் பறவை, அவ்வளவுதான். நத்தைகுத்தியைவிடப் பெரிதாக, வழுக்கைத் தலையோடு ஒரு நாரை நிற்கும். வேடந்தாங்கலில் பார்த்திருக்கும் மஞ்சள் மூக்கு நாரையின் பேரினம்தான் அதுவும். ஃப்ளமிங்கோ முகாமில் கூடு கட்டும் விரால் அடிப்பான் நம் கடற்கரைக்கும் குளிர்காலத்தில் வருகிற அதே பறவை.

அன்ஹிங்கா பாதைக்கு வண்டியை நிறுத்துகிற இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் பிணத்தைவிட ரப்பர் பிடிக்கிறது. வைப்பர், கண்ணாடி ஓரத்து ரப்பர் எல்லாவற்றையும் அலகால் கவ்வி இழுக்கும். காரைப் போர்த்தி வைக்கத் தார்ப்பாயும் கொக்கிக் கயிறும் பூங்காவே இரவல் தருகிறது. நம் ஆர்விக்கு அது எட்டாது. ஒருவர் வண்டியோடு இருந்து விரட்டுங்கள், இல்லையென்றால் வாடகை முன்பணம் கழுகுக்குப் போய்விடும்.

ஃப்ளமிங்கோ படகுத்துறையில் முதலை வெயில் காயும். பட்டை மூக்கு, கறுப்பு உடம்பு என்றால் அலிகேட்டர். குறுகின மூக்கு, சாம்பல் நிறம், வாயை மூடினாலும் கீழ்ப்பல் வெளியே தெரிந்தால் க்ராக்கடைல். இரண்டும் சேர்ந்து வாழ்வது உலகத்திலேயே தெற்கு ஃப்ளோரிடாவில் மட்டும்தான். 15 அடியாவது தள்ளி நிற்கச் சொல்கிறது பூங்கா. பேரனைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்க ஆசைப்படும் தாத்தாக்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தக் கடினமான விஷயம். காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு, எதிரே ஓர் உயிர் வந்து நின்றால் கையிலிருப்பதைப் பிட்டுப் போடுவது தர்மம். போடாதே என்றால் இவனுக்கு இங்கே வந்து மனசு கல்லாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அவர்களிடம் அபராதத்தைப் பற்றிப் பேசாதீர்கள், எடுபடாது. என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். மனிதர் கையால் தின்று பழகிய அலிகேட்டர் ஆளைக் கண்டால் விலகாது, நெருங்கி வரும். நான்கு அடிக்கு மேல் உள்ளது ஒன்று ஆபத்தாக இருக்கிறது என்று புகார் போனால் மாநிலம் ஆளை அனுப்பிப் பிடிக்கும். வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதில்லை, பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சோறு போட்டே கொல்றதா?" என்று கேட்டார். அதன்பிறகு மற்றவர்களைக் கண்காணிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

கீ மானின் கதையும் இதுதான். இடுப்பளவுக்கும் குறைவான உயரம், சாதுவான கண், கார் ஜன்னலுக்கே மூக்கை நீட்டும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1950-களில் சில டஜன்தான் மிஞ்சியிருந்தன, 1957-ல் அதற்கென்று காப்பகம் வந்த பிறகுதான் பெருகியது. இன்று அதை அதிகம் கொல்வது வண்டிகள். பிஸ்கட் தந்த காரை நம்பிச் சாலையோரம் வந்து நிற்கிறது, அடுத்த கார் அடித்துவிடுகிறது. பிக் பைன் தீவில் நெடுஞ்சாலை வேகம் பகலில் 45 மைல், இரவில் 35. உங்கள் திட்டப்படி மூன்று ஆர்வியும் அந்தத் தீவைத் தாண்டுவது இரவு ஒன்பது மணிக்கு. ஓட்டிப் பழக்கமில்லாத கை, நினைத்த இடத்தில் நிற்காத கனமான வண்டி, பின்னால் ஹாரன் அடிக்கிற வரிசை. மானைப் பார்க்கப் போய் மானை அடித்துவிட்டு வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது. எவர்க்ளேட்ஸைக் குறுக்காகக் கடக்கும் டாமியாமி டிரெயில் சாலையில் இரவு வேண்டாம் என்பதும் இதனால்தான். அந்தப் பக்கத்துக் காடுகளில் இருக்கும் ஃப்ளோரிடா பேந்தர் எனும் பூமாக்கள் 120-இலிருந்து 230 வரைதான் என்பது மதிப்பீடு. அவற்றையும் அதிகம் கொல்வது சாலைதான்.

கீ வெஸ்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஆர்வியை முகாமிலேயே விட்டுவிட்டு, ஹோம்ஸ்டெட்டில் ஒரு கார் எடுத்துப் பகலில் போய் வாருங்கள். மாலை நான்கு மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் பிக் பைனைத் தாண்டிவிடலாம். மல்லோரி சதுக்கத்துச் சூரிய அஸ்தமனம் கிடைக்காது. போகட்டும்.

சமையல்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. மாவை வீட்டிலேயே அரைத்து எடுத்து வாருங்கள். ஜெனரேட்டர் ஓட நேரக் கட்டுப்பாடு உண்டு, விடியற்காலையில் சட்னிக்காக அதை முடுக்கினால் பக்கத்து முகாம்காரர் மட்டுமல்ல, பறவையும் இருக்காது. தட்டு கழுவின தண்ணீரைப் புல்லில் கொட்டக்கூடாது, அதில் இருக்கும் நாலு பருக்கைக்கு ராத்திரி ரக்கூன் வரும், மறுநாள் கூட்டத்தோடு வரும். எல்லாம் வண்டியின் கழிவுநீர்த் தொட்டியான க்ரே டேங்கில் போய், அதைக் காலிசெய்யும் டம்ப் ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதற்குத் தேதி இருக்கிறது. ஃப்ளோரிடா மாநிலப் பூங்காக்களில் அந்த மாநிலத்தவர் 11 மாதம் முன்பே இடம் பிடிக்கலாம், நம்மைப் போன்ற வெளி மாநிலத்தவருக்கு 10 மாதம்தான். டிசம்பர் 20-க்கு ப்ளூ ஸ்ப்ரிங் வேண்டுமென்றால் பிப்ரவரி 20 காலையில் கணினி முன்னால் உட்கார வேண்டும். மூன்று வண்டிக்கும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்காது, கிடைத்த இடத்தில் ஒதுங்கிக்கொள்வோம். புதுத் திட்டத்துக்கு எத்தனை குடும்பம் சம்மதம், யார் யார் பெயரில் பதிவு செய்வது என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். பழைய திட்டம்தான் என்று முடிவானால் என் பெயரை ஓட்டுநர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அட்லாண்டாவிலிருந்து உங்கள் நண்பன்