சிறை நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்களில் அதிகம் பேசப்பட்ட விஷயத்தை மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிறைச் சூழல் என்றதும் கைதிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதே இரும்புக் கதவுச் சத்தத்துக்கும் நெரிசலுக்கும் நடுவில்தான் காவலர்களும் பணிக்காலம் முழுக்க இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் நம்மிடம் பேசினார். வீட்டிலும் சுவரில் முதுகு சாய்த்து, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாராம். பின்னால் யாராவது நடந்தால் பேச்சு தானாக நின்றுவிடுமாம். "எனக்கும் அப்படித்தான்" என்றார், தண்டனை முடித்து வந்த நம் உறுப்பினர் ஒருவர். அப்புறம் இருவரும் வெகுநேரம் தனியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கட்டடத்துக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சிறை ஒன்றைப் பற்றி 1981இல் ஓர் ஆய்வு வெளியானது. உள்முற்றத்தைப் பார்த்த அறைகளில் இருந்த கைதிகள், வயல்வெளியைப் பார்த்த அறைகளில் இருந்தவர்களைவிட அதிகமாக மருத்துவ உதவி கேட்டிருக்கிறார்கள். நார்வேயில் 2010இல் திறந்த ஹால்டன் சிறையில் காவலர்கள் கைதிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், விளையாடுகிறார்கள். பழகிய காவலருக்கு ஒருவர் முகம் வாடியிருப்பது கண்ணில் பட்டுவிடும்; தகராறு முற்றும் முன்பே பேசித் தீர்க்கலாம். பாதுகாப்பு என்பதை அங்கே இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையும் விவாதத்துக்கு வந்தது. அதில் ஒரு போலிச் சிறையில் மாணவர்கள் சிலர் காவலர்களாகவும் சிலர் கைதிகளாகவும் நடித்தார்கள். இரண்டு வாரம் நடக்க வேண்டியதை 6 நாளிலேயே நிறுத்தினார்கள். சீருடை போட்டால் யாரும் கொடியவராகிவிடுவார் என்பதற்கு அதை இன்றும் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் கடுமையாக நடந்துகொள்ளும்படி 'காவலர்களை' நடத்துநர்களே தூண்டியது பின்னர் ஆவணங்களில் தெரியவந்தது. அதை வைத்துக் காவலர்களை எடைபோடுவது பெரும் அநீதி என்பேன். மேலிருந்து என்ன சொல்லப்படுகிறது, ஒரு காவலர் எத்தனை பேரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சிறை நிர்வாகத்துக்கு மூன்று கோரிக்கைகள் அனுப்பியுள்ளோம். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளின்படி, தனிமைச் சிறை தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. காவலர்களுக்கு மனநல ஆலோசனை வேண்டும். அங்கே சொல்வது பதவி உயர்வைப் பாதிக்கக் கூடாது. குடும்பத்தார் சந்திப்புக்குக் கண்ணாடித் தடுப்பில்லாத அறை வேண்டும். முதல் இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை. மூன்றாவதைப் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதிய குழு இதை விடாமல் கேட்க வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்