பொம்மியைக் கடித்த கதையும் உன் குட்டிக்குச் சில யோசனையும்

அன்புள்ள மல்லிகா,

பேரன் அடம்பிடித்து நாய்க்குட்டி வாங்க வைத்துவிட்டான், அதுவும் சிப்பிப்பாறை என்று எழுதியிருந்தாய். படித்ததும் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றில் புளியைக் கரைத்தது. போன தை மாதம் எங்கள் நாய் பொம்மியைத் தெருநாய்கள் குதறிவிட்டன. அப்போது உனக்கு எழுத மனசு வரவில்லை, இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியூர் கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு கறிக்கடை மூலை. அன்றைக்குக் கூட்டம் அதிகம், கழிவும் அதிகம், அதைத் தின்ன நாய்களும் அதிகம். மூன்று நாய்கள் வந்தன. பொம்மி பயந்து பின்னால் இழுத்தாள், கழுத்து பெல்ட் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிட்டது, வெறும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், அவள் ஓடுகிறாள். ஓடினால் விடுமா? பத்தடி தாண்டவில்லை, ஒரு பெட்டைநாய் முதுகைக் கவ்வி உதறியது. ஆறு கிலோ பொமரேனியன், துணி மாதிரி ஆடினாள். நான் கையை நீட்டிக்கொண்டு உள்ளே போனேன், கடைக்கார பாய் "கையை விடாதீங்கக்கா!" என்று கத்திக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை அப்படியே நாய்களின் முகத்தில் வீசினார். விட்டுவிட்டன. அதற்குள் என் மணிக்கட்டிலும் ஒரு பல் கீறிவிட்டது.

வீட்டில் பார்த்தால் முதுகில் மிளகளவு இரண்டு ஓட்டை, ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. மஞ்சள் வைத்தால் ஆறிவிடும் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இரண்டாம் நாள் இரவு அந்த இடம் கொதிக்கிறது, தொட்டால் கத்துகிறாள், சாப்பாடு இல்லை. டாக்டர் முடியை மழித்துக் காட்டினார். மேலே ஓட்டை சின்னது, உள்ளே தோல் சதையை விட்டுப் பிரிந்து சீழ் கட்டியிருந்தது. நாய்க்குத் தோல் தளர்வு, பல் குத்திப் பிடித்து உதறும்போது தோல் கூடவே நகர்ந்துவிடும், கிழிவதெல்லாம் உள்ளே என்றார். முழுசாகத் தைத்து மூடாமல் சீழ் வடிய ஒரு சின்ன ரப்பர் குழாய் வைத்துவிட்டார். வலிக்கு நாம் போடும் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டேன், பாராசிட்டமால், இபுப்ரூஃபன் எல்லாம் நாய்க்கு விஷம் மாதிரி, தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதனால் மல்லிகா, கடி எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடு.

வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் சித்திரையில் போட்டுவிடுவோம். இருந்தாலும் உடனே மறுபடி ஒன்று போட்டார்கள். நான் என் கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை ஊசி.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே கோபம், மூன்றையும் யாராவது பிடித்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது. வீட்டுக்காரரும் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே என்றார். அது பாதிக் கதை. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லிப் பகுதி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள், 22ஆம் தேதியே அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். பாய் இன்னொன்று சொன்னார், அதுதான் மனசில் தைத்தது. "மூணைக் கொண்டுபோனா கறி வாசத்துக்கு அடுத்த தெருவிலேர்ந்து நாலு வரும்கா." கவ்விய பெட்டைநாய் பக்கத்தில் நின்ற பழைய வேனுக்கு அடியில் குட்டி போட்டிருந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். குட்டி வைத்திருப்பது வேறு எப்படி இருக்கும்?

பாயிடம் பேசிக் கழிவுக்கு மூடி போட்ட டிரம் வைக்கச் சொன்னேன், மறு வாரமே வைத்துவிட்டார். மாநகராட்சிக்கு விடாமல் போன் பண்ணி, குட்டிகள் பால் மறந்தபிறகு கருத்தடைக்குக் கூட்டிப்போக வைத்தோம். இப்போது மூன்றுக்கும் கருத்தடை ஆனதற்குக் காதில் சின்ன வெட்டு அடையாளம். பொம்மியைப் பார்த்தால் இன்னும் எழுந்து நிற்கும், ஆனால் ஓடி வருவதில்லை.

உன் குட்டிக்கு வருகிறேன். ஊசிகள் எல்லாம் முடியும்வரை ரோட்டில் இறக்காதே, பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய் மண்ணிலிருந்தே ஒட்டிக்கொள்ளும். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய், ஒரு பூனை ஓடினால் போதும், உன் கையில் நிற்காது, அடுத்த தெரு நாய்களுக்கு நடுவில் போய்த்தான் நிற்கும். கழுத்து மெலிசு, தலையும் குறுகல், சாதாரண பெல்ட் சுலபமாக உருவிவிடும், அதனால் மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ்தான் வேண்டும். நான் இப்போது குடை இல்லாமல் கிளம்புவதில்லை. நாய் வரும்போது முன்னால் படாரென்று விரித்தால் தயங்கி நின்றுவிடும், அந்த நேரத்தில் மெதுவாகப் பின்வாங்கலாம், முதுகைக் காட்டி ஓடக்கூடாது. பேரன் தனியாகக் கூட்டிப்போக வேண்டாம். உங்கள் தெரு நாய்களோடு தூரத்திலிருந்தே தினம் கொஞ்சம் பழக்கு, வாசலில் பார்த்துப் பழகியது பெரும்பாலும் கடிக்க வராது, அடுத்த முக்குதான் ஆபத்து.

பங்குனியில் தஞ்சாவூர் வருகிறேன், வரும்போது ஹார்னஸ் வாங்கி வருகிறேன். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு நூல் வைத்து அளந்து எழுது, வளர்கிற குட்டி, எந்த மாசத்து அளவு என்றும் போடு. பேர் என்ன வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே!

அன்புடன்,
ஜெயந்தி